வலது மடிப்பு மேலே

பிப்ரவரி 9, வியாழன் (ஷோவா 31, அதாவது 1956)

இன்று இரண்டு முறை செத்தேன். காலையில் பாலத்துக்கு அடியில், மதியம் அரிசிக் கிடங்கில். பாலத்தடிச் சாவு சுமார்தான். கிடங்குச் சாவு பிரமாதம். கதாநாயகன் ஷிராமினே ஐயா ஒரே வீச்சில் ஏழு பேரை வெட்டினார். அதில் ஆறு பேர் விழுந்தார்கள், நான் ஒருவன்தான் செத்தேன். விழுவது வேறு, சாவது வேறு. ஷாட் முடிந்ததும் கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். தூசிக்கு யாரும் அவ்வளவு நேரம் துடைக்க மாட்டார்கள்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வாள் படங்களில் வெட்டுப்படுவது முப்பது வருடத் தொழில். நாலாயிரம் முறையாவது செத்திருப்பேன். க்யோட்டோவில் கமேகிச்சி மாதிரிச் சாக ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாது. வேறு யாரும் சொல்லாததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஒரு நல்ல சேதி. அக்காள் மகள் கினுயேவை அடுத்த படத்துக்குக் கன்டின்யூட்டி பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஷாட்டில் யார் எந்தக் கையில் கிண்ணம் வைத்திருந்தார், விக்கில் எத்தனை மயிர் கலைந்திருந்தது, எல்லாம் இனி அவள் நோட்டில்தான். முன்பு அந்த வேலையில் இருந்தவர் பார்க்காததைப் பார்த்ததாக எழுதி வேலையை இழந்தார். அதனால் கினுயேவுக்கு இந்த ஒரு படம்தான் சோதனை. படம் முடிந்ததும் டைரக்டர் ஹிராட்சுகா முடிவு சொல்வாராம், வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று.

"கவலைப்படாதே, நான் இருக்கேன்," என்றேன்.

"அதான் மாமா கவலை," என்றாள்.

இருபத்தெட்டு வயதுக்கு வாய் அதிகம். என் மாடியில் குடியிருந்துகொண்டு என்னிடமே.


பிப்ரவரி 11

பனி. சாவு இல்லை. முள்ளங்கி ஊறுகாயும் சோறும்.


பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று என் வாழ்க்கை மாறிவிட்டது. நிதானமாக எழுத வேண்டும்.

புதுப் படம் பழைய பொம்மை நாடகம் ஒன்றிலிருந்து எடுப்பது. 'பனிவாசல்'. ஓசகாவில் இருநூறு வருடங்களாக ஆடி அழவைத்த துயரக் கதை. கோட்டை வாசலைக் காக்கும் ஜின்பெய் என்ற சாமுராய்க்குப் பிரபு ஒரு கட்டளை போடுகிறார். மாலை மணி ஆறாவது முறை அடித்த பிறகு, விடியும் வரை யாருக்கும் கதவு திறக்கக் கூடாது. அன்றைக்கென்று பார்த்து அவனுடைய தம்பி, பிரபுவின் உயிரைக் காப்பாற்றும் கடிதத்தோடு, எதிரிகள் துரத்த ஓடிவந்து கதவைத் தட்டுகிறான். அண்ணனுக்குத் தம்பியின் குரல் கேட்கிறது. திறக்கவில்லை. விடிந்து திறந்தால் தம்பி கதவிலேயே சாய்ந்து செத்துக் கிடக்கிறான். கடிதத்தைப் படித்துவிட்டு ஜின்பெய்யும் சாகப் போகிறான். அவ்வளவுதான் கதை. இதற்கே ஓசகாவில் ஆளுக்கு இரண்டு கைக்குட்டை கொண்டுபோவார்கள்.

மதியம் ஸ்டூடியோ சாப்பாட்டுக் கூடத்தில் ஹிராட்சுகா நூடுல்ஸ் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சி பிடிபடவில்லையாம். பொதுவாகக் கேட்டார்:

"இந்த நாடகத்தைப் பழைய ஆட்டத்துல பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? ஜின்பெய் கடிதத்தைப் படிச்சிட்டு உள்ள போறானே, நடுவுல என்ன செய்வான்?"

எல்லாரும் நூடுல்ஸை உறிஞ்சினார்கள். நான் எழுந்தேன்.

"ஐயா, நான் குமிதயூ பாடகர்கிட்ட ரெண்டு வருஷம் சீடனா இருந்தவன்."

உண்மையும் அதுதான். ஓசகா பொம்மை அரங்கில் கதை முழுவதையும் பாடிச் சொல்கிறவர் அவர். நான் இளவயதில் அங்கே இருந்தேன். இரண்டு வருடம் என்பது சுற்றி வளைத்துப் பார்த்தால் ஒன்றரை.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஒரு டைரக்டர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக முதுகைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் எனக்கு வாய் திறந்துகொண்டது.

"ஜின்பெய் எதுவும் பேச மாட்டான் ஐயா. மார்பு மடிப்பைப் பிரிச்சு, வலது பக்கத்தை மேல போட்டு மாத்திக் கட்டிக்குவான். அப்படியே உள்ள நடப்பான்."

நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். உயிரோடு இருக்கிறவன் கிமோனோவின் இடது மடிப்பைத்தான் மேலே போடுவான். வலது மேலே வருவது பிணத்துக்கு மட்டும். அழும் குழந்தைக்குக்கூட அவசரத்தில் அப்படிக் கட்டிவிட மாட்டோம். தன்னைத் தானே பிணமாக உடுத்திக்கொண்டு ஒருவன் நடந்து போனால்!

ஹிராட்சுகா எழுந்து நின்றார். நூடுல்ஸ் ஆறிப்போனது அவருக்குத் தெரியவே இல்லை. "இதுதான். இதுதான்யா," என்றார்.

இது எனக்கு எங்கிருந்து வந்தது? தெரியாது. நாடகத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் எப்படி வரும்?


பிப்ரவரி 15

மணி அடிக்கிறவன் வேடம் எனக்கு! ஒரு வசனம் உண்டு. "ஆறாவது மணி, கதவை மூடுங்க!" படத்தின் தொடக்கத்தில் பெயரும் வரும். பெரிய எழுத்தில் இல்லாவிட்டாலும் எழுத்தில் வரும். அக்கா ஓட்சுவுக்குக் கடிதம் போட்டேன். வேடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் எழுதினேன். அவள் உடம்பு சரியில்லாதவள், சந்தோஷப்படட்டும்.

மாலை கினுயே நோட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த மடிப்பு மாத்துறதுக்கு மூலம் எழுதணும். டைரக்டர் கேட்டிருக்கார். எந்த வருஷம்? எந்தப் பொம்மையாட்டி?"

"தைஷோ பதினாலு, முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஆட்டி பேரு... பேரெல்லாம் எதுக்கு? குமிதயூன்னு போடு."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இந்தக் கண்ணாலதான்."

பென்சிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்: 'மூலம்: குமிதயூவிடம் இரண்டாண்டு பயின்ற கமேகிச்சி நேரில் கண்டது.' கையெழுத்தும் போட்டாள். அச்சில் படிப்பதுபோல் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.


பிப்ரவரி 18

வசனத்தைப் பதினெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்கிறது.


பிப்ரவரி 20, திங்கள்

ஷிராமினே ஐயா மாட்டேன் என்றுவிட்டார்.

ஜின்பெய் அவர்தான். உடுப்பறையில் மடிப்பு ஒத்திகை. உடுப்புக்காரம்மா அவர் மார்பில் கை வைத்ததும் மனிதர் ஒரு அடி பின்னால் போனார். அவருடைய அம்மா மாதத் தொடக்கத்திலிருந்தே படுக்கையில். அது ஊருக்கே தெரியும்.

"டைரக்டர், நான் ஒண்ணு கேக்குறேன். இது நெஜமாவே பழைய ஆட்டத்துல இருக்கா?"

"இருக்கு. நோட்டுல மூலம் எழுதியிருக்கு."

"இருந்தா போட்டுக்கறேன். இருநூறு வருஷமா ஆடுனது, பாவம் நாடகத்தைச் சேரும். யாரோ நேத்து யோசிச்சதுன்னா பாவம் என்னைச் சேரும். எங்கம்மா கிடக்குற கிடையில நான் பொணமா உடுத்திக்க முடியாது."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுவதுபோல் சொன்னார்.

ஹிராட்சுகா கினுயேவைப் பார்த்தார். "குமிதயூ ஓசகாவுலதான் இருக்கார். எண்பத்தொரு வயசு. நீ போய் ஒரு வரி எழுதி வாங்கிட்டு வா. உங்க மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போ, குருவைப் பார்த்து ரொம்ப நாளாயிருக்கும்."

குமிதயூ போர்க்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.


பிப்ரவரி 21

ஒன்றரை வருடம் என்று எழுதினேன். ஒரு குளிர்காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பல் வலிப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். கினுயே கிராம்புத் தைலம் வாங்கி வந்துவிட்டாள்.


பிப்ரவரி 22

சரி. நாற்பத்தோரு நாள்.

சீடன் இல்லை. வாசலில் பார்வையாளர்களின் மரச்செருப்பை வாங்கி எண் சீட்டுக் கொடுப்பவன். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாற்பத்தோரு நாளும் 'பனிவாசல்' முழுக்கக் கேட்டேன். ஒரு வரி விடாமல் தெரியும். கேட்டேன்தான். பார்க்கவில்லை.

அப்படியானால் மடிப்பு? பார்க்காதது எப்படித் தெரியும்? ஆனால் இருந்திருக்கலாம் அல்லவா? நான் பார்க்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகுமா? நாளைக்குக் கிழவர் "ஆமாம்பா, இருக்கு" என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடும். வயதானவர்கள் இனிப்புக்கு மயங்குவார்கள். சிவப்புப் பயறு இனிப்பு ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன்.


பிப்ரவரி 23, வியாழன்

ஓசகா போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். பழக்கமில்லை.

குமிதயூ சின்ன வீட்டில், கணப்புப் பானையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பு சுருங்கிவிட்டது, குரல் மட்டும் பீப்பாய் மாதிரி அப்படியே. நான் நெற்றி பாயில் படக் குனிந்து எழுந்தேன். இனிப்புப் பெட்டியை நகர்த்தினேன்.

"குருவே, கமேகிச்சி வந்திருக்கேன். தைஷோ பதினாலுல உங்க நிழல்ல இருந்தவன்."

"எங்கிட்டப் படிச்சவங்க பதினொரு பேரு. ஏழு பேரு போயாச்சு. மிச்சம் நாலு பேரு மூஞ்சியும் எனக்குத் தெரியும். நீ யாருடா?"

கினுயே என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலாம்.

"வாசல்ல... செருப்பு வாங்கி வச்சேன் ஐயா."

"செருப்புக்காரனா!" கிழவர் இனிப்புப் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். "அப்படிச் சொல்லு. அது என்ன நிழலு கிழலுன்னுட்டு. கதவு தட்டுற எடம் ஞாபகம் இருக்கா? பாடு பார்க்கலாம்."

பாடினேன். தம்பி தட்டுவது, அண்ணன் தாழ்ப்பாளில் கை வைப்பது, கையை எடுப்பது, உள்ளேயும் வெளியேயும் பனி ஒரே மாதிரி விழுவது, எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கிழவர் தொடையில் தாளம் போட்டார். ஒரே ஒரு இடத்தில் மூச்சை முன்னால் விட்டுவிட்டேனாம். "செருப்புக்காரனுக்கு இது போதும்," என்றார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தந்ததில்லை. இது மிகையில்லை.

பிறகு கினுயே நோட்டைத் திறந்து கேட்டாள். ஜின்பெய் மார்பு மடிப்பை வலது மேலாக மாற்றுவது ஐயா காலத்து ஆட்டத்தில் உண்டா?

கிழவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சிரித்த சிரிப்பில் இனிப்பு புரையேறி, மருமகள் ஓடிவந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

"பொம்மைக்கு மடிப்பைத் தைச்சில்ல வச்சிருப்பான்! ஊசி நூலு போட்டு, தோள்கட்டையோட சேர்த்து! மேடையில பிரிக்கணும்னா ஒரு பொம்மையை ஆட்டுற மூணு பேரும் கத்திரிக்கோலோடதான் வரணும். இதைச் சொன்ன முட்டாள் யாரு? ஒருநாள்கூட மேடைக்குப் பின்னால வராதவனாத்தான் இருக்கணும்."

தைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. முப்பது வருடம் ஊரெல்லாம் பொம்மை நாடகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒரு பொம்மையைக் கையால் தொட்டதில்லை.

"நான்தான் ஐயா," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஒரே ஒரு வரி, இருந்தாலும் இருந்திருக்கலாம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"டேய், எண்பத்தொரு வயசுல என்னைப் பொய்ச்சாட்சி சொல்லச் சொல்றியா? இனிப்பை எடுத்துக்கிட்டுப் போ." பெட்டியைப் பார்த்தார். "சரி, இனிப்பு இருக்கட்டும்."

கினுயே நெற்றி பாயில் பதிய மன்னிப்புக் கேட்டாள். நான் செய்ததற்கு அவள்.

ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி தூரத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"காலைல நான் சொல்லிடறேன். விசாரிக்காம எழுதினது நான்தானே."

"நான் சொல்றேம்மா."

"வேணாம் மாமா. நீங்க சொன்னா அதுலயும் ரெண்டு சேர்த்துதான் சொல்லுவீங்க."

கோபமே இல்லை அவள் குரலில். குடை எடுத்துக்கொண்டு போங்கள், மழை வரும் என்று சொல்வாளே, அப்படி.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் டைரக்டரிடம். கிழவர் ஒப்புக்கொண்டார், கை நடுங்கியதால் எழுதித் தரவில்லை என்று. யார் ஓசகாவுக்குப் போய்க் கேட்கப் போகிறார்கள்? காட்சியும் நிற்கும், என் வசனமும் நிற்கும், இவள் வேலையும் நிற்கும். கதை ரயிலிலேயே முழுசாகத் தயாராகிவிட்டது. கிழவர் கண்ணீர்கூட விட்டார் அதில்.

ஆனால் ஷிராமினே அதை உடுத்திக்கொள்வார். அவருடைய அம்மாவுக்கு ஏதாவது ஆனால்?


பிப்ரவரி 24, வெள்ளி

சொல்லிவிட்டேன். கினுயே வருவதற்கு அரை மணி முன்பே போய்விட்டேன். செட்டில் நூறு பேர் இருந்தார்கள். நாற்பது பேர். வாசல் செட்டில் ஆசாரிகள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தச் சொல்லவில்லை.

"டைரக்டர் ஐயா, அந்த மடிப்பு நாடகத்துல கிடையாது. நான் இட்டுக்கட்டினது. நான் சீடன் இல்ல, நாப்பத்தோரு நாள் செருப்பு வாங்கி வச்சவன். கினுயே என்னை நம்பி எழுதினா."

அவ்வளவுதான் சொன்னேன். மேலே நாலைந்து வாக்கியங்கள் வாயில் வந்து நின்றன. விழுங்கினேன்.

ஷிராமினே ஐயா மேக்கப் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான்.

ஹிராட்சுகா திட்டினார். அதை எழுதப் போவதில்லை. மணி அடிக்கிறவன் வேடம் போயிற்று. நாளையிலிருந்து கேட்டுக்குள் வராதே என்றார். கினுயே வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"மாமா சொல்றதெல்லாம் ஆதாரமா?"

"இல்லைங்க. என் தப்பு."

"நோட்டுல பொய் இருந்தா நான் எதை நம்பிப் படம் எடுப்பேன்? படம் முடியட்டும், உன்னைப் பத்திப் பேசலாம்."

அவள் அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி எழுதினாள். கோடு நேராக இருந்தது. நான் தோட்டத்து வழியாக வெளியே வந்தேன். ஸ்டூடியோ வாசல்காரர் வழக்கம்போல், "என்ன கமேகிச்சி அண்ணே, சீக்கிரமே செத்தாச்சா?" என்றார்.


பிப்ரவரி 26

அக்காவுக்கு என்ன எழுதுவது?


பிப்ரவரி 28, செவ்வாய்

டெட்சு வந்தான். என்னோடு இருபது வருடமாக வெட்டுப்படுகிறவன், ஆனால் வாயைத் திறந்துகொண்டு சாவான், அவ்வளவு அழகில்லை. கொஞ்சம் கருவாடும் நிறைய ஊர்க்கதையும் கொண்டுவந்தான்.

"அண்ணே, உங்களால டைரக்டருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. மடிப்பு போச்சேன்னு மூணு நாளா யாரோடயும் பேசல. வேற எது யோசிச்சாலும் உப்புச் சப்பில்லாம இருக்காம். நேத்து உங்க கினுயேதான் சொல்லுச்சு."

"என்ன சொன்னா?"

"'பொணம்தான் ஏற்கெனவே அங்க இருக்கே ஐயா'ன்னுச்சு. 'கதவைத் திறந்தா தம்பி செத்துக் கிடக்கான். அவன் மடிப்பை அண்ணன் தன் கையால மாத்திக் கட்டட்டும். தம்பி செத்துட்டான்னு அவன் ஒத்துக்கறது அப்பதான்'னு. செட்டே ஆடிப்போச்சு. ஷிராமினே ஐயா உடனே, 'இதை நான் செய்வேன், இது நாம எல்லாரும் வீட்டுப் பெரியவங்களுக்குச் செய்யுறதுதானே'ன்னுட்டாரு."

என்னுடைய பொய்யை எடுத்து, அதிலிருந்த பொய்யை மட்டும் உதறிவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் புத்தி எங்கள் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதாமல் விடுகிறேன்.

"அப்புறம் என்ன?"

"அப்புறம் தம்பியா நடிக்குற பையன் மாட்டேங்குறான். 'எனக்கு ஏப்ரல்ல கல்யாணம். பொணமடிப்பு கட்டிக்கிட்டுப் படுத்தேன்னு பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்'ங்கறான். டூப்புக்கு ஆள் தேடுறாங்க. நானும் மாட்டேன்னுட்டேன். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."


மார்ச் 1

நானே போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன், உள்ளே வரக் கூடாது என்றுதானே சொன்னார். டைரக்டர் கார் வந்ததும் குனிந்தேன்.

"அந்தப் பொணம் நான் படுக்கறேன் ஐயா. பேரு வேணாம். முகமும் வேணாம்."

கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மார்பைப் பார்த்தார். "மயிரை மழிச்சிட்டு வா," என்றார்.


மார்ச் 6, செவ்வாய்

முகம் கதவின் நிழலில். கேமராவுக்குத் தெரிவது கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. க்ளோசப். முப்பது வருடத்தில் என் முதல் க்ளோசப் இதுதான். இருபத்தைந்து வயது மார்பாகக் காட்ட வேண்டும் என்று மேக்கப்காரர் மாவு பூசினார். அதிகம் தேவைப்படவில்லை. சரி, இரண்டு டப்பா ஆனது.

உப்பும் காகிதத் துண்டும் கலந்த பனி என் மேல் கொட்டியது. ஷிராமினே ஐயா மண்டியிட்டார். வெட்டாமல் ஒரே ஷாட், ஒன்றரை நிமிடம். மூச்சு விடக் கூடாது.

முதல் டேக்கில் அவர் மடிப்பைப் பிரித்தார், கட்டினார், கினுயே "இல்லைங்க" என்றாள். இடது மேலே வந்திருக்கிறது. ஐம்பது வருடமாகத் தினம் காலையில் தனக்குத்தானே கட்டிய கை. எதிரில் கிடக்கும் ஆளுக்குக் கட்டும்போது குழம்பி, கடைசியில் உயிருள்ளவனுக்குக் கட்டுவது போலவே கட்டிவிட்டது. இரண்டாவது டேக்கும் அப்படியே. அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவதுக்கு முன் காகிதப் பனியைப் பெருக்கும்போது, நான் உதட்டை அசைக்காமல் சொன்னேன்:

"என் வலது கைப் பக்கம் ஐயா. அதை மேல போடுங்க. உங்களைப் பத்தி யோசிக்காதீங்க."

"செத்தவன் பேசக் கூடாதுய்யா," என்றார், அவரும் உதட்டை அசைக்காமல்.

மூன்றாவது டேக். அவருடைய விரல்கள் சில்லென்று இருந்தன. இடது மடிப்பை எடுத்தார். சற்று நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அது திரைக்கதையில் இல்லை. பிறகு உள்ளே வைத்தார், மெதுவாக, குழந்தைக்குப் போர்த்துவதுபோல். வலது மடிப்பை அதன் மேல் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தடவினார். என் இதயம் அடிப்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கும். அதை நிறுத்த வழி தெரியவில்லை. மூச்சை மட்டும்தான் நிறுத்த முடிந்தது.

நாலாயிரம் சாவிலும் நான் எதையாவது செய்திருக்கிறேன் — கையை நீட்டுவேன், கண்ணை உருட்டுவேன், ஒரு சுற்று சுற்றி விழுவேன். இன்று ஒன்றும் செய்யவில்லை. சும்மா கிடந்தேன்.

"கட்," என்றார் ஹிராட்சுகா. பிறகு கினுயே பக்கம் திரும்பினார்.

"மூலம்னு என்ன எழுதியிருக்கே?"

"'எந்த ஆட்டத்திலும் இல்லை'ன்னு எழுதியிருக்கேங்க."

"ம்." அவ்வளவுதான் அவர் சொன்னது.

எழுந்து முதல் வேலையாக மடிப்பைப் பிரித்து இடது மேலே போட்டுக் கட்டிக்கொண்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உடுப்புக்காரம்மா மட்டும் சாவுத் தீட்டுக் கழிய என் தலையைச் சுற்றி ஒரு பிடி உப்பை வீசினாள், நானும் குனிந்து காட்டினேன்.


மார்ச் 7

உயிரோடுதான் இருக்கிறேன். ஷிராமினே ஐயாவின் அம்மா கஞ்சி குடித்தார்களாம்.


மே 20, ஞாயிறு

படம் வெளியாகி ஒன்பது நாள். நான்கு தடவை பார்த்தேன். இரண்டு தடவை.

மடிப்பை மாற்றும்போது பின் வரிசையிலிருந்து தொடங்கி மூக்கு உறிஞ்சும் சத்தம் முன்னால் வரும். அந்த ஒன்றரை நிமிடமும் நானும் மூச்சு விடுவதில்லை, பழக்கம்.

இன்று பிற்பகல் பொதுக் குளியல்கூடத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் இதே பேச்சு. டோஃபு கடைக்காரர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சொல்கிறார்:

"அந்த மடிப்பு மாத்துறது இருக்கே, அது இருநூறு வருஷமா நாடகத்துல வர்றது. எங்கப்பா ஓசகாவுல பார்த்து அழுதிருக்காரு. சின்ன வயசுல எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

"அப்படியா, அதான் அந்த அழுத்தம் இருக்கு," என்கிறார் பாய் முடைகிறவர். "இப்ப இருக்கறவனுக்கெல்லாம் இப்படி யோசிக்க வராது."

முடிதிருத்தும் ஒகாமே என்னைப் பார்த்தான். "கமேகிச்சி, நீ அந்த ஸ்டூடியோதானே. சொல்லேன், பழசுதானே அது?"

துண்டு தலையில், தண்ணீர் தாடை வரை. எல்லா முகமும் என் பக்கம். இப்படி ஒரு சபை எனக்கு அமைந்ததே இல்லை.

"பழசு இல்ல," என்றேன். "பொம்மைக்கு மடிப்பைத் தைச்சு வச்சிருப்பாங்க, மேடையில மாத்த முடியாது. அது இந்தப் படத்துக்காக யோசிச்சது. எங்க அக்கா மக கினுயே சொன்னது. அந்தப் பொணம் நான்தான்."

தொட்டியே குலுங்கச் சிரித்தார்கள். டோஃபு கடைக்காரர் தண்ணீரை விழுங்கிவிட்டார்.

"இருபத்தஞ்சு வயசு மார்புய்யா அது! இவன் மார்பைப் பாருங்கய்யா, காஞ்ச முள்ளங்கி!"

"பொம்மைக்குத் தையலாம்! எங்கப்பா என்ன பொய்யா சொன்னாரு?"

"விடுங்கப்பா. கமேகிச்சி அளக்கலைன்னாதான் நாம கவலைப்படணும்."

நானும் சிரித்தேன். சத்தியம் செய்யப் போகவில்லை. முதுகைத் தேய்த்து, ஒகாமே முதுகையும் தேய்த்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கினுயே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நாளை மலைப்பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு. ஹிராட்சுகாவின் அடுத்த படம். இந்த முறை சோதனை கீதனை எதுவும் கிடையாது, ஆறு பென்சிலும் மூன்று புது நோட்டும் ஸ்டூடியோவே கொடுத்திருக்கிறது. குளியல்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேரு இருந்தாங்க மாமா?"

"முப்பது..."

நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறு பேரு," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பென்சிலை எடுத்தாள்.